போகாத தூரம் ஏறும் மீட்டர்

வன்னியப்பெருமாள் அண்ணாச்சியின் மோட்டார் சைக்கிள், மூன்று கிலோமீட்டர் ஓடினால் நாற்பத்து நான்கு கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டுகிறது என்ற புகாரோடு, ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை எங்கள் செவலைக்குளத்து மீட்டர் மெக்கானிக் யேசுவடியானின் கடை வாசலுக்கு வந்து நின்றது. வண்டி அறுபத்தெட்டாம் வருஷத்தது; அதைச் செய்த கம்பெனியை மூடியே நாற்பது வருஷம் ஆகிறது; மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, வீட்டுக்கு மாடி எடுப்பார் என்று மனைவி காத்திருக்க, ஓய்வுப் பணத்தில் இதை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி மாலையும் போட்டார். அந்த அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை.

“முள்ளு கடைசிக் கோட்டுல போயி நின்னு நடுங்குது வே. நான் முப்பதுக்கு மேல முறுக்குறதே கிடையாது” என்றார் அண்ணாச்சி.

யேசுவடியான் வண்டியின் வேறு எந்தப் பாகத்தையும் தொடமாட்டார், மீட்டர் ஒன்றுதான் அவர் தொழில். மீட்டர் அதிகம் காட்டினால் அதற்குக் காரணம் நாலே நாலுதான் என்பார்: முன்சக்கரத்துப் பல்சக்கரம் வேறு வண்டியினுடையதாக இருக்கும், இல்லை டயர் சின்னதாக இருக்கும், இல்லை முள்ளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிற மயிரிழை ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் யாரோ ஒரு புண்ணியவான் கேபிளின் தலைவரைக்கும் கிரீஸை அப்பி, அது மீட்டருக்குள் ஏறி காந்தத்தையும் தட்டையும் ஒன்றாக ஒட்டிவைத்திருக்கும். நான்கையும் பார்த்தார். பல்லை எண்ணினார், டயரில் சாக்கட்டியால் கோடு போட்டு வண்டியை ஒரு சுற்று உருட்டி நாடாவால் அளந்தார், கேபிளைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்தார், மீட்டரைத் திறந்து ஸ்பிரிங்கைச் சரிபார்த்தார். எல்லாம் பத்தரை மாற்று. கடைசியில் வேறொரு வண்டியின் நல்ல மீட்டரைக் கொண்டுவந்து மாட்டி, அண்ணாச்சியை ஓட்டிவரச் சொன்னார்.

சோதனை ஓட்டம் என்றால் கடை வாசலிலிருந்து செங்கல்சூளைப் பக்கத்துக் கல் வரை போக ஒன்றரை, வர ஒன்றரை. மீட்டரில் சின்னதாக இன்னொரு எண் வரிசை உண்டு, அதன் கடைசி எண் நூறு மீட்டருக்கு ஒன்றாக ஏறும், கீழேயுள்ள திருகைத் திருகினால் எல்லாம் சுழிக்கு வந்துவிடும். அதைச் சுழியில் வைத்து வண்டிக்காரரையே அனுப்புவார், ஓட்டுகிறவன் கையில்தான் வண்டி உண்மை பேசும் என்பது அவர் கட்சி. அண்ணாச்சி போய்வந்தார். நாற்பத்து நான்கு. எதிர்த்த டீக்கடை மாடசாமி ஓட்டினான், மூன்று. மறுபடி அண்ணாச்சி, நாற்பத்து நான்கு. மூன்று தடவை மாறி மாறி ஓட்டியபின் அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டு, கடை வாசலில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

“மூணு போக நாப்பத்தொண்ணு. எங்க சரோசா வீட்டுக்கு இங்கேருந்து நாப்பத்தொண்ணு வே” என்றார்.

சரோசா அவர் தங்கச்சி. ஒரு தென்னந்தோப்புக்காகப் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாள், அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று மூன்று பேரிடம் சொல்லி அனுப்பியும், பார்க்கலாம் பார்க்கலாம் என்று காலத்தைக் கடத்தியிருந்தார். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே போனார். இரண்டு நாள் கழித்து அழுது முகம் வீங்கித் திரும்பி வந்தவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்து வண்டியை எடுத்து ஓட்டினார். மூன்று.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் அடுத்த நாள் காலையிலேயே வரிசை நின்றுவிட்டது. ஒருவன் போக வேண்டியிருந்து போகாமல் விட்ட தூரம் இந்த மீட்டரில் ஏறும் என்பதை, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த செய்தியை ஏற்றுக்கொள்வதுபோல ஊர் ஏற்றுக்கொண்டது. அண்ணாச்சியும் வண்டியைக் கடை வாசலிலேயே விட்டுவைத்தார், வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி ஓட்டச் சொல்வாள் என்று பயந்து. தினமும் விடிந்ததும் ஆள்கள் வந்தார்கள், சுழியில் வைத்தார்கள், செங்கல்சூளை வரை போனார்கள், வந்து கீழே இறங்காமல் எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், இறங்கியதும் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் ஆளே இருக்காது. எல்லாரும் எங்கெங்கோ யார் யாரையோ பார்க்கப் போயிருந்தார்கள்.

புருஷன் பெண்டாட்டியாக ஏறி ஓட்டினால் இரண்டு பேர் தூரமும் சேர்ந்து ஏறியது, அதில் எவ்வளவு யாருடையது என்று பிரிக்க முடியாமல் நாலு வீட்டில் அடிதடி ஆனது. அதன்பிறகு பெண்கள் தாங்களே ஓட்டப் பழகிக்கொண்டார்கள், அதில் இருவருக்கு முழங்கால் பெயர்ந்தது. தபால்காரர் சண்முகத்துக்கு மூன்று தவிர ஒரு மீட்டர் கூடுதலாக ஏறவில்லை என்பதால் ஊரே அவர்மேல் வயிறெரிந்தது. வேதக்கோயில் ஐயருக்கு, அதாவது எங்கள் சர்ச் பாதிரியாருக்கு, இரண்டாயிரத்துச் சொச்சம் ஏறியது. பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்துகிறவர் இல்லை அவர், ஆனால் அந்த ஞாயிறு பாதியில் நிறுத்திவிட்டு ரயிலேறினார், யாரைப் பார்க்க என்று இன்றுவரை சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்பது போய், வண்டி ஓட்டிட்டாரா, எவ்வளவு என்று கேட்பது வழக்கமானது.

போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எண் இறங்கிவிடும். பார்க்க வேண்டிய ஆள் உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான். வளையல் கடை பேச்சிமுத்துவுக்கு நூற்றுப் பன்னிரண்டு ஏறியது, அவர் அம்மா செத்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஊருக்குப் போய் அம்மா இருந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்து ஓட்டினார், பிறகு திவசம் கொடுத்துவிட்டு வந்து ஓட்டினார், பிறகு வாரம் தவறாமல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து ஓட்டினார். நூற்றுப் பன்னிரண்டு நூற்றுப் பன்னிரண்டாகவே இருந்தது. அவர் வரும்போது வரிசையில் நிற்கிறவர்கள் வழிவிடுவார்கள்.

இத்தனை பேர் ஓட்டியும் யேசுவடியான் மட்டும் அந்த வண்டியில் ஏறவில்லை. பழுது தீராத வண்டி அது, தீர்த்தபிறகு ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மீட்டரை ஆறு தடவை திறந்து மூடினார். ஊர் அவரை வற்புறுத்தவில்லை, அவர் மனசு ஏற்கெனவே புண்பட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு வீட்டில் தனியாக இருந்த அவர் மனைவி ஞானப்பூவுக்கு நெஞ்சு அடைத்தது, அவள் புருஷனுக்கு ஃபோன் அடித்தாள், ஃபோன் கடையின் பின்பக்கம் சார்ஜில் கிடந்ததால் அவர் காதில் அது விழவில்லை, பன்னிரண்டு மணிக்குமேல் அவர் சாப்பிடப் போனபோது அவள் அடுக்களை நிலையில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்திருந்தாள். கடையிலிருந்து வீடு அறுநூறு மீட்டர்.

எங்களுக்கு அப்போது தெரியாதது, அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தது, ஃபோன் மேஜைமேல்தான் இருந்தது என்பது. அவர் எடுத்தார், பேசினார், வைத்தார். திறந்த மீட்டரை மூடாமல் எழுந்திருக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த நேரம் ஒரு லாரி மீட்டரின் ஸ்பிரிங் அவருடைய இடுக்கியின் நுனியில் இருந்தது, கையை எடுத்தால் தெறித்துவிடும், தெறித்தால் அந்த நாள் பூராவும் தரையில் தேடவேண்டும். பத்து நிமிஷம் என்று நினைத்தார், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அலறிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த மகள் எஸ்தர், ‘அம்மா ஃபோன் அடிச்சிருக்காளே, நீங்க எடுக்கலயாப்பா’ என்று அடித்த எண்ணை மட்டும் காட்டும் அம்மாவின் பழைய ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது, யோசிக்காமல், ‘கேக்கலம்மா, சார்ஜுல கெடந்துது’ என்று சொல்லிவிட்டார். ஒரு நொடியில் வாயில் வந்த பொய். வாபஸ் வாங்க நல்ல நேரம் பார்த்துப் பார்த்து ஐந்து வருஷம் போய்விட்டது.

எஸ்தர் துவக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள், இருபத்தொன்பது வயது. வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாள், அப்பாவை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய்த் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அந்த அறுநூறு மீட்டரும் வெயிலில் நடந்து கடைக்கு வருவாள், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தால், “நீங்க என்னப்பா செய்வீங்க, கேட்டாத்தானே வருவீங்க” என்பாள். ஐந்து வருஷமாக இதே வார்த்தை, இதே குரல். அவள் தேற்றத் தேற்ற அவர் மெலிந்துகொண்டே போனார், அவர் மெலிய மெலிய அவள் இன்னும் அதிகமாகத் தேற்றினாள். இதைவிடக் கொடுமையான தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்திருக்காது.

ஆடி மாதத்தில் தையல்காரர் ஷேக் மைதீன் வந்து வண்டியில் ஏறினார். அவர் குவைத்தில் இருந்தபோது இங்கே அவரைப் பெற்ற அத்தா மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட, லீவு கிடைக்காத இடத்தில் கிடந்து பிள்ளை தவிக்கக் கூடாது என்று வீட்டார் இரண்டு மாதம் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். மூவாயிரத்துக்குக் குறையாது என்று நாங்களெல்லாம் கணக்குப் போட்டு நின்றோம். போய்வந்தார். மூன்று. மறுபடியும் போனார், மூன்று. ஹெட்லைட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணாடி ஈரமாகும்வரை அழுதார். தெரியாமல் போகாதவனுக்கு மீட்டர் ஏறாது, தெரிந்தும் போகாதவனுக்குத்தான் ஏறும் என்று மாடசாமி உரக்கச் சொன்னான், அந்தி சாய்வதற்குள் ஊர் முழுக்க அது சட்டமாகிவிட்டது.

மறுநாள் எஸ்தர் தூக்குச்சட்டியோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். இப்படிச் சிரித்துக்கொண்டு அவள் வந்து நாங்கள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

“யப்பா, மைதீன் பாய் விசயம் கேட்டீங்களா? தெரியாதவங்களுக்கு ஏறாதாம்.”

“கேட்டேன்.”

“அப்ப உங்களுக்கும் ஏறாது. மூணுதான் காட்டும். நான் சொன்னா நீங்க நம்ப மாட்டேங்கீங்க, அந்த மிசினு சொன்னா நம்புவீங்கல்லா?”

“அது பழுதான மீட்டரும்மா.”

“பழுதோ என்னமோ, ஒரே ஒரு தடவ ஓட்டுங்க. உங்க கண்ணால மூணப் பாத்துட்டீங்கன்னா உங்க மனசு ஆறிடும்” என்றவள், சோற்றைப் பரிமாறிக்கொண்டே குரலைத் தணித்தாள். “நாகர்கோயில்லருந்து மறுபடியும் பொண்ணு கேட்டு விட்டுருக்காவ. உங்க மனசு ஆறிட்டுன்னா நான் சரின்னு சொல்லிருவேன். இப்படியே விட்டுட்டுப் போக எனக்கு முடியலப்பா.”

யேசுவடியான் அந்தச் சோற்றை எப்படி விழுங்கினார் என்பது எனக்குத் தெரியாது. மறுத்தால் அவள் வாழ்க்கை நின்றுபோகும், ஓட்டினால் மூன்றுக்குப் பக்கத்தில் அந்த அறுநூறு மீட்டருக்கு ஒரு ஆறு வந்து உட்காரும். அந்த ஆறு வந்தால் ஐந்து வருஷமாகத் தன்னைத் தேற்றிய அந்தக் குரல் இனி எப்படிக் கூப்பிடும் என்பதை அவரால் நினைக்கவே முடியவில்லை. சனிக்கிழமை ஓட்டுகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். செய்தி பரவி, டீக்கடையில் உட்கார இடமில்லை. பேச்சிமுத்துகூட வெள்ளிக்கிழமை இல்லையென்றாலும் வந்திருந்தார். எஸ்தர் தலையில் பூ வைத்துக்கொண்டு, தன் கையாலேயே எண்ணைச் சுழிக்குத் திருகிவைத்தாள். அவர் அதற்குமுன்பே வண்டியைக் கடைக்குள் கொண்டுபோய், ஒருதடவை செக் பண்ணிக்கிடுதேன் என்று சொல்லி, முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து ஏதோ செய்துவிட்டுத்தான் வெளியே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மெக்கானிக் என்றால் குனியத்தானே செய்வார்.

அவர் செய்தது இதுதான்: சக்கரத்தில் மாட்டியிருக்கிற மீட்டர் கேபிளின் நட்டைக் கழற்றி, முனையை வெளியே எடுத்துவிட்டார். கேபிளைக் கழற்றினால் மீட்டர் அசையாது என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், அதனாலேயே அந்த வண்டியில் அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. மீட்டர் சுழியிலேயே நிற்கும், வழியில் கேபிள் கழன்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் இன்னொரு நாள், இன்னொரு சாக்கு. இப்படித்தான் யோசித்தார் அந்த மனுஷன். முப்பது வருஷத்தில் விற்பனைக்கு வந்த எத்தனையோ வண்டிகளின் மீட்டரைக் குறைத்து வைக்கச் சொல்லி வந்தவர்களை விரட்டியடித்த மனுஷன் அவர்.

செங்கல்சூளை வரை முள் சுழியிலேயே படுத்துக்கிடந்தது. திரும்பும்போதும் கிடந்தது. காற்று முகத்தில் பட, அவருக்குக் கொஞ்சம் மூச்சுக்கூட விட முடிந்தது. கோயில் தெரு முக்கு வந்ததும், அதாவது அவர் வீட்டுக்குப் பிரிகிற இடம் வந்ததும், எதனோடும் இணைப்பில்லாத அந்த மீட்டரில் முள் மெதுவாக எழுந்தது. வண்டி முப்பதில் போய்க்கொண்டிருந்தது, முள் ஐந்தில் நின்றது, அது ஒரு மனுஷன் நடக்கிற வேகம். கீழே கடைசிச் சின்ன எண் ஒன்றானது, இரண்டானது, மூன்றானது. நிறுத்திவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தார், ஆனால் எதிரே கடை வாசலில் மகள் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றாள். ஆறுக்கு வந்ததும் முள் பழையபடி படுத்துக்கொண்டது.

மாடசாமிதான் முதலில் குனிந்து பார்த்தான். “என்ன இது, மூணே வரல! பாயிண்ட் ஆறுதான் இருக்கு” என்றவன் கீழே பார்த்து, “அட, கேபிளு கழண்டு கெடக்கு. அறுநூறு மீட்டர் போனதுமே கழண்டிருக்கும் போல” என்றான். கூட்டம் உச்சுக்கொட்டியது. வண்டியும் பழசு, ரோடும் குண்டும் குழியும், கழலாமல் என்ன செய்யும் என்றார் அண்ணாச்சி. நாளைக்கு மாட்டி ஓட்டிக்கிடலாம், கவலப்படாதிய என்று யேசுவடியானின் முதுகில் தட்டிவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு எல்லாரும் டீக்கடைக்கும் அவரவர் சோலிக்கும் கலைந்து போனோம்.

எஸ்தர் போகவில்லை. மீட்டர் மெக்கானிக்கின் மகள் அவள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேபிளின் முனையைக் கையில் எடுத்தாள். தொங்குகிற முனை டயரில் உரசி அறுந்துவிடக் கூடாதென்று, அதில் துணிக்கிழிசலைச் சுற்றி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டைக் கம்பியோடு சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. வழியில் தானாகக் கழன்ற கேபிளுக்கு யாரும் துணி சுற்றியிருக்க மாட்டார்கள். கள்ளத்தனம் செய்யும்போதுகூடச் சுத்தமாகத்தான் செய்ய வந்திருக்கிறது அவருக்கு.

அவள் எழுந்து மறுபடியும் அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு கோயில் தெருப் பக்கம் பார்த்தாள். தினமும் நடக்கிறவளுக்கு வீட்டுக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யேசுவடியான் வண்டியிலிருந்து இறங்கவில்லை. கைப்பிடியை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். திட்டுவாள், அலறுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று ஐந்து வருஷமாக அவர் எதிர்பார்த்திருந்த எதையும் அவள் செய்யவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா ஃபோன்ல என்னப்பா சொன்னா?”

அவர் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போறியளான்னா. ஸ்பிரிங்கு கையில இருக்கு, பத்து நிமிசம்னேன்.”

“அதுக்கு அம்மா?”

“சரி சரி, அவசரமில்ல. வெயிலா இருக்கு, பாத்து மெதுவா வாங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டா.”

எஸ்தர் அந்த வார்த்தைகளைத் தனக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். அம்மாவின் கடைசிப் பேச்சு அவளுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஐந்து வருஷமாக அப்பாவைத் தேற்றித் தேற்றியே, அம்மாவுக்காக ஒருநாள்கூட அவள் முழுசாக அழுததில்லை. இப்போது நடுரோட்டில் உட்கார்ந்து, தலையில் வைத்த பூ கலைய, அம்மா அம்மா என்று கத்தி அழுதாள். டீக்கடையிலிருந்து நாங்கள் ஓடிவந்தோம். யேசுவடியான் வண்டியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றார். அழாதேம்மா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவரைத் தேற்றவும் அன்றைக்கு ஆள் இல்லை.